கடைசியில் நின்றவர் முதலில் வந்தார்!

சதுரங்க வீரர் சுல்தான்கானின் வாழ்க்கைக் கதை

கம்பம் பள்ளத்தாக்கு.

ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. மறுபக்கம் வருசநாட்டு மலை. நடுவே முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நெல் வயல்கள். கம்பம், கூடலூர் பக்கம் திராட்சைத் தோட்டங்கள்.

வயல் வேலை முடிந்த மாலை நேரத்தில் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து ஆடி வந்த ஆட்டம் ஒன்று உண்டு. அதுதான் ஆடுபுலி ஆட்டம். கரித்துண்டால் தரையில் கோடு கிழிப்பார்கள். மூன்று புளியங்கொட்டைகள் புலிகள். பதினைந்து கூழாங்கற்கள் ஆடுகள். ஒருவர் ஒரு காயை வைப்பார். அடுத்தவர் ஒரு காயை நகர்த்துவார்.

புதிதாக ஆடுகிறவன் அவசரப்படுவான். கண்ட இடத்தில் ஆட்டை வைப்பான். புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடும். பழகியவர் அப்படிச் செய்ய மாட்டார். ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார். எதிரி அடுத்து என்ன செய்வான் என்று யோசிப்பார். பிறகுதான் கையை நீட்டுவார்.

சதுரங்கமும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு முறை. முறை தவறக் கூடாது. வைத்த காயைத் திரும்ப எடுக்க முடியாது.

2022-ஆம் ஆண்டில் மாமல்லபுரத்தில் உலகச் சதுரங்க ஒலிம்பியாடு நடந்தது. அதையொட்டித் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. பலகையின் முன் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒரு பாதி ஜெயித்தது. மறுபாதி தோற்றது. ஜெயித்த பிள்ளை துள்ளிக் குதித்தது. தோற்ற பிள்ளை முகம் வாடியது.

அப்படித் தோற்ற பிள்ளை கேட்க வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. அது சுல்தான்கானின் கதை.

பஞ்சாப் கிராமத்துச் சிறுவன்

மீர் சுல்தான்கான் 1903-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்தார். ஊர், பஞ்சாபில் உள்ள மிட்டா திவானா. அப்போது அது பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்தது. இன்று பாகிஸ்தானில் இருக்கிறது.

தந்தையார் சதுரங்கத்தில் பிரியம் உள்ளவர். மகனுக்கு ஒன்பது வயதானபோது பலகையின் முன் உட்கார வைத்தார். காய்களை எப்படி நகர்த்துவது என்று சொல்லிக் கொடுத்தார்.

பையன் பிடித்துக்கொண்டான். ஆடினான், தோற்றான், மறுபடியும் ஆடினான். ஆண்டுகள் ஓடின. இருபத்தொரு வயது ஆனபோது பஞ்சாபிலேயே அவருக்கு மேல் ஆட்டக்காரர் இல்லை என்ற பெயர் வந்துவிட்டது.

இரண்டு வகை ஆட்டம்

ஆனால் அவர் ஆடியது இன்றைய சதுரங்கம் அல்ல. பழைய இந்தியச் சதுரங்கம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். விதிகளில் வேறுபாடு உண்டு.

மேல்நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதல் முறை நகரும்போது இரண்டு கட்டம் போகலாம். இந்திய ஆட்டத்தில் எப்போதும் ஒரே கட்டம்தான். மேல்நாட்டு ஆட்டத்தில் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி, ராஜாவைக் கோட்டைக்குள் வைப்பது போலப் பத்திரப்படுத்தலாம். இந்திய ஆட்டத்தில் அது கிடையாது. அதற்குப் பதில் ராஜா ஒரே ஒரு முறை குதிரையைப்போல் தாவலாம். சிப்பாய் எதிர்ப்பக்கத்துக் கடைசிக் கட்டத்தை அடைந்தால் என்ன காயாக மாறும் என்பதிலும் விதிகள் வேறு.

இதனால் என்ன ஆகும்? இந்திய ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். இரண்டு படைகளும் நெருங்குவதற்கே நெடுநேரம் ஆகும். பொறுமை வேண்டும். காய்கள் குறைந்த பிறகு, முடிவுக் கட்டத்தில்தான் கெட்டிக்காரத்தனம் வெளிப்படும்.

மேல்நாட்டு ஆட்டம் அப்படி அல்ல. முதல் சில நகர்த்தல்களிலேயே சண்டை மூண்டுவிடும். தொடக்கத்தில் ஒரு பிசகு செய்தால் போதும். பிறகு எழுந்திருக்க முடியாது. ஆகவே ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் தொடக்க நகர்த்தல்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருந்தார்கள்.

பயிரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். சதுரங்கத்தின் தொடக்கம் நாற்றங்கால். நடு ஆட்டம் பயிர் வளரும் காலம். முடிவு அறுவடை. சுல்தான்கான் அறுவடையில் வல்லவர். நாற்றங்கால் வேலைதான் அவருக்குத் தெரியாது.

செல்வந்தர் வீட்டில்

பஞ்சாபில் சர் உமர் ஹயாத்கான் திவானா என்ற பெரிய நிலச்சுவான்தார் இருந்தார். அரசாங்கத்தில் செல்வாக்கு உள்ளவர். சதுரங்கத்தில் மோகம் கொண்டவர்.

சுல்தான்கானின் ஆட்டம் அவர் காதுக்கு எட்டியது. இளைஞரைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். மேல்நாட்டு விதிகளைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

நன்றாகத் தெரிந்த ஒன்றை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்பது எளிதல்ல. கை பழைய வழியிலேயே போகும். கண் பழைய ஆபத்துகளையே தேடும். பஞ்சாபில் முதல்வராக இருந்தவர் மறுபடியும் மாணவராக உட்கார வேண்டியிருந்தது. அவர் உட்கார்ந்தார். கற்றார்.

1928-ஆம் ஆண்டில் அகில இந்தியச் சதுரங்கப் போட்டி நடந்தது. சுல்தான்கான் ஒன்பது ஆட்டங்கள் ஆடினார். எட்டில் வெற்றி. ஒன்று சமம். தோல்வியே இல்லை. இந்தியாவின் சாம்பியன் ஆகிவிட்டார்!

அடுத்த ஆண்டு சர் உமர் லண்டனுக்குப் பயணமானார். இந்திய மந்திரிக்கு ஆலோசனை சொல்லும் சபையில் அவருக்கு அங்கே பதவி கிடைத்திருந்தது. சுல்தான்கானும் உடன் சென்றார்.

லண்டனில் தோல்வி

1929-ஆம் ஆண்டு வசந்த காலம். லண்டனில் அவருக்குப் பழக்கம் ஏற்படுவதற்காகவே ஒரு சிறிய போட்டி நடத்தினார்கள். நல்ல ஆட்டக்காரர்கள் வந்தார்கள்.

முடிவு என்ன தெரியுமா?

இந்தியாவின் சாம்பியனுக்குக் கடைசி இடம்! இன்னொருவருடன் சேர்ந்து அடிமட்டத்தில் நின்றார்.

காரணம் தெளிவாக இருந்தது. தொடக்க நகர்த்தல்கள் பற்றி அவருக்கு எதுவும் தெரியவில்லை. மற்றவர்கள் யோசிக்காமலே நகர்த்திய இடங்களில் அவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தப் புத்தகங்கள் ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழியிலும் இருந்தன. அவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது.

அந்நிய நாடு. அந்நிய பாஷை. பழகாத குளிர். முதல் போட்டியிலேயே கடைசி இடம். வேறொருவராக இருந்தால் கப்பல் ஏறி ஊர் திரும்பியிருப்பார்.

தோற்கடித்தவர்களே ஆசிரியர்கள்

அந்தப் போட்டியில் அவருக்கு மேலே வந்தவர்களில் இரண்டு பேர் பிரடெரிக் யேட்ஸ், வில்லியம் விண்டர். யேட்ஸ் சாதாரண ஆள் அல்ல. தம் வாழ்நாளில் ஆறு முறை பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் பெற்றவர்.

இந்த இருவருமே சுல்தான்கானுக்குப் பயிற்சி அளிக்க முன்வந்தார்கள். அவரும் கூச்சப்படாமல் அவர்களிடம் கற்றுக்கொண்டார். எங்கே தவறினோம் என்பதைத் தோற்கடித்தவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்?

எல்லாப் புத்தகங்களையும் சில மாதங்களில் கரைத்துக் குடிக்க முடியாது. அதற்கு அவசியமும் இல்லை. தொடக்கத்தில் பெரிய சேதம் இல்லாமல் நடு ஆட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் போதும். அதற்கு மேல் அவருக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. ஒன்பது வயதிலிருந்து சேர்த்து வைத்த பொறுமை அங்கே கைகொடுக்கும்.

அந்தக் கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரிட்டிஷ் சாம்பியன் போட்டி நடந்தது. சுல்தான்கானும் கலந்துகொண்டார். பட்டம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

பட்டம் அவருக்கே கிடைத்தது!

வசந்த காலத்தில் கடைசி இடம். கோடை முடிவதற்குள் முதல் இடம். இங்கிலாந்தே வியந்தது.

காபபிளாங்கா தோற்றார்

பிறகு சர் உமருடன் இந்தியா வந்தார். 1930-ஆம் ஆண்டு மே மாதம் மறுபடியும் ஐரோப்பா சென்றார். அதன்பின் அவர் பெயர் தேசம் தேசமாகப் பரவியது.

பெல்ஜியத்தில் லியேஜ் என்ற ஊரில் போட்டி. இரண்டாம் பரிசு பெற்றார். முதல் பரிசு டார்டகோவர் என்ற மேதைக்குக் கிடைத்தது. அதே டார்டகோவருடன் 1931-ஆம் ஆண்டில் பன்னிரண்டு ஆட்டங்கள் கொண்ட தனிப்போட்டி ஆடினார். ஆறரைக்கு ஐந்தரை என்ற கணக்கில் அவரை வென்றார்.

அதற்குச் சற்று முன்னால், 1930-ஆம் ஆண்டு கடைசியில், இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் போட்டி தொடங்கியது. அதற்குக் காபபிளாங்கா வந்திருந்தார்.

காபபிளாங்கா கியூபா நாட்டவர். 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியன். 1916 முதல் 1924 வரை எட்டு ஆண்டுகள் போட்டிகளில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காதவர். அவரை யந்திரம் என்றே அழைத்தார்கள்.

அந்த யந்திரத்தின் எதிரே பஞ்சாப் கிராமத்துக்காரர் உட்கார்ந்தார்.

சுல்தான்கான் வெள்ளைக் காய். அவசரம் காட்டவில்லை. சிறிது சிறிதாக எதிரியின் படையை நெருக்கினார். கைக்கு வந்த பிடியை விடவில்லை. அறுபத்தைந்து நகர்த்தல்கள் நீண்ட ஆட்டம் அது. முடிவில் காபபிளாங்கா தோற்றார்.

அந்தப் போட்டியில் முதல் இடம் ஹாலந்து நாட்டு யூவேக்கு. இரண்டாம் இடம் காபபிளாங்காவுக்கு. மூன்றாவது இடம் சுல்தான்கானுக்கு.

1931-ஆம் ஆண்டில் பிராக் நகரில் ஒலிம்பியாடு நடந்தது. இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் சுல்தான்கான் ஆடினார். முதல் பலகை என்றால் ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்த வீரரையும் எதிர்த்து ஆட வேண்டும். பதினேழு ஆட்டங்களில் எட்டு வெற்றி, ஏழு சமம், இரண்டே தோல்வி. புளோர், ரூபின்ஸ்டைன் ஆகிய பெரிய வீரர்களை வென்றார். அப்போதைய உலகச் சாம்பியன் அலெகைனோடு சமம் செய்தார்.

1932-லும் 1933-லும் மீண்டும் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம். மொத்தம் மூன்று முறை. 1933-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பெண்கள் சாம்பியன் பட்டமும் சர் உமர் வீட்டிலேயே வந்து சேர்ந்தது. பாத்திமா என்ற இளம்பெண் அதை வென்றார்.

கழுத்தில் துணிக்கட்டு

இந்த வெற்றிகளைச் சுகமாக உட்கார்ந்து பெறவில்லை.

இங்கிலாந்தின் குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சளி, காய்ச்சல், தொண்டைப் புண். மலேரியாவும் அடிக்கடி வந்தது. போட்டிக்கு வரும்போது பல நாள் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு வருவார். பலகையின் முன் உட்கார்ந்துவிட்டால் முகத்தில் எதுவும் தெரியாது. ஜெயிக்கிறாரா தோற்கிறாரா என்று எதிரியால் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு வேதனையும் இருந்தது. அவர் தம் விருப்பப்படி போட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இல்லை. சர் உமர் லண்டனில் இருக்கும் வரை அவரும் லண்டனில் இருக்கலாம். சர் உமர் புறப்பட்டால் அவரும் புறப்பட வேண்டும். அந்த வீட்டில் அவர் வேலைக்காரரைப்போல் நடத்தப்பட்டார் என்று சிலர் எழுதினார்கள். அவருடைய குடும்பத்தார் அதை மறுக்கிறார்கள். ஆனால் பயணம் அவர் கையில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

1933-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சர் உமர் இந்தியா திரும்பினார். சுல்தான்கானும் திரும்பினார். அத்துடன் ஐரோப்பா முடிந்தது. ஐந்தே ஆண்டுகள்! அதற்குள் உலகின் முன்வரிசை வீரர்களில் ஒருவராக உயர்ந்தவர், அதன்பின் அங்கே போகவே இல்லை.

மறைந்த பின் வந்த பட்டம்

1935-ஆம் ஆண்டில் காடில்கர் என்ற இந்திய வீரரோடு பத்து ஆட்டங்கள் ஆடினார். ஒன்பதில் வென்றார். ஒன்று சமம். பிறகு பெரிய போட்டிகளில் அவர் பெயர் வரவில்லை.

1944-ஆம் ஆண்டில் சர் உமர் காலமானார். சுல்தான்கானுக்குச் சிறிது நிலம் கிடைத்தது. அதில் விவசாயம் செய்து குடும்பத்தோடு வாழ்ந்தார். உலகச் சாம்பியனாக இருந்தவரைத் தோற்கடித்த கைகள் மண்ணைப் பார்த்துக்கொண்டன.

தம் பிள்ளைகளை அவர் சதுரங்கத்துக்குள் இழுக்கவில்லை. அதைவிட உருப்படியான காரியம் ஏதாவது செய்யும்படி அவர்களுக்குச் சொன்னார் என்று மகன் பின்னாளில் தெரிவித்தார். எத்தனை கசப்பு இருந்தால் ஒருவர் அப்படிச் சொல்வார்!

1950-ஆம் ஆண்டில் உலகச் சதுரங்க சம்மேளனம் கிராண்ட்மாஸ்டர் என்ற பட்டத்தை முதன்முதலாக வழங்கியது. இருபத்தேழு பேருக்குக் கிடைத்தது. டார்டகோவர், புளோர், ரூபின்ஸ்டைன் எல்லாரும் அதில் இருந்தார்கள். அவர்களை வென்ற சுல்தான்கான் பெயர் இல்லை. அப்போது அவர் உயிரோடுதான் இருந்தார்.

1966-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, பாகிஸ்தானில் சர்கோதா நகரில், காச நோயால் அவர் காலமானார்.

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அதே சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. அவர் மறைந்து ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

விதைத்தது முளைத்தது

சுல்தான்கான் திறந்த பாதையில் பின்னால் பலர் வந்தார்கள். 1961-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மானுவேல் ஆரோன் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். 1988-ஆம் ஆண்டில் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

இவர்களுக்குப் புத்தகமும் பயிற்சியும் போட்டிகளும் கிடைத்தன. சுல்தான்கானுக்குக் கிடைத்தவை சில மாதப் பயிற்சியும் ஐந்து ஆண்டு அவகாசமும்தான்.

தோற்ற பிள்ளைக்கு

போட்டியில் தோற்றுவிட்டு, தேனியிலிருந்து உத்தமபாளையத்துக்குப் பஸ்ஸில் திரும்பும் பிள்ளைக்கு இந்தக் கதையிலிருந்து எடுத்துச் செல்ல என்ன இருக்கிறது?

தோற்ற ஆட்டத்தை மறக்கக் கூடாது. நகர்த்தல்களை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பலகையை விரித்து முதலிலிருந்து ஆடிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் ஆட்டம் கைவிட்டுப் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். முடிந்தால் ஜெயித்த பிள்ளையிடமே கேட்க வேண்டும். சுல்தான்கான் யேட்சிடமும் விண்டரிடமும் கற்கக் கூச்சப்படவில்லை.

கையை நீட்டுமுன் எதிரியின் எண்ணத்தைப் பார்க்க வேண்டும். அது ஆடுபுலி ஆட்டத்திலேயே தாத்தாமார் காட்டிய பாடம்தான்.

முடிவு ஆட்டத்தைத் தனியாகப் பழக வேண்டும். பலகையில் ராஜாவையும் இரண்டு மூன்று சிப்பாய்களையும் மட்டும் வைத்து ஆடிப் பார்த்தால் போதும். ஒரு சிப்பாயை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் ராணியாக்கத் தெரிந்தவன், தோற்கிற ஆட்டத்தைக்கூடச் சமம் செய்வான்.

சுல்தான்கானின் ஆட்டங்கள் அழிந்து போகவில்லை. பல ஆட்டங்களின் நகர்த்தல்கள் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஹேஸ்டிங்சில் காபபிளாங்காவைத் தோற்கடித்த அந்த அறுபத்தைந்து நகர்த்தல்களும் இருக்கின்றன. கம்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் பலகையை விரித்து ஒரு சிறுமி அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கலாம். பாதி வழியில் நிறுத்தி, அடுத்த காய் எதுவாக இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். சரியாகச் சொல்லிவிட்டால் அன்று அவள் ஒரு படி ஏறிவிட்டாள்.

தப்பாகச் சொன்னாலும் மோசம் இல்லை. மறுநாள் மாலை பலகையை மறுபடியும் விரிக்கலாம்.